திருநீறு சிந்திய கை: பிளாஸ்டர் கழற்றிய பின் ஒரு மணிக்கட்டு

மணிக்கட்டு முறிந்தவர்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் பிளாஸ்டர் கழற்றிய மூன்றாம் நான்காம் நாளில். எல்லோர் முகத்திலும் ஒரே கேள்விதான் இருக்கும். ரீச்சர் அதை வாய்விட்டே கேட்டார்: “தம்பி, எலும்பு பொருந்திட்டுது எண்டுதானே சொன்னவை. பிறகேன் இது என்ர கை மாதிரி இல்லை?”

அப்போது அவருக்கு 63 வயது. வலிகாமத்தில் ஒரு செம்மண் கிராமம். ஓய்வுபெற்ற ஆரம்பப் பாடசாலை ஆசிரியை, ஊரில் பாதிப்பேருக்கு அ, ஆ எழுதக் கைபிடித்துப் பழக்கியவர். வலக்கைக்காரர். சைவம். தனியாக இருக்கிறார், தங்கை குடும்பம் அடுத்த வளவில். பன்னிரண்டு வருடமாகச் சலரோகம், பிரஷருக்கும் குளிசை எடுக்கிறார். லேடீஸ் சைக்கிளில்தான் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருவார். அவரிடம் கேட்டுக்கொண்டு, ஆள் பிடிபடாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

பிசியோவாக வேலை செய்கிற எனக்கு மணிக்கட்டு முறிவு புதிதில்லை. மாரி காலத்தில் கிழமைக்கு ஒன்றாவது வரும். இந்த ஒன்றை மட்டும் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம், இதில் நான் விட்ட ஒரு பிழை. அதைக் கண்டுபிடித்ததும் நானில்லை.

விழுந்த நாள்

கார்த்திகை விளக்கீட்டன்று காலை. மழை விட்டும் விடாமலும் பெய்து கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடித்துக் கிடந்தது. வாசலைக் கழுவ ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பியவர், அடி தேய்ந்த ரப்பர் செருப்பு வழுக்கி, முன்பக்கமாக வலக்கையை ஊன்றி விழுந்தார். எழும்பிப் பார்த்தபோது கை, கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டி மாதிரி மணிக்கட்டில் வளைந்து நின்றதாம்.

ஆரை எலும்பின் கீழ்நுனி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, புறங்கைப் பக்கம் சரிந்துவிடுகிற முறிவு இது. கொலிஸ் முறிவு என்று பெயர். டப்ளின் அறுவைமருத்துவர் ஏப்ரகாம் கொலிஸ் 1814இல் இதைப் பற்றி எழுதினார். எக்ஸ்றே வந்தது 1895இல்; அதற்கு எண்பது வருடம் முன்னர், கையால் தடவிப் பார்த்தே முறிந்த இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். அப்படியே ஒரு ஆறுதலும் சொன்னார்: என்றோ ஒருநாள் இந்தக் கை நோவில்லாமல் முழுதாக அசையத்தான் போகிறது என்று. அந்த ‘என்றோ ஒருநாள்’ எப்போது என்று கேட்டுத்தான் இன்றைக்கும் ஆட்கள் என்னிடம் வருகிறார்கள்.

அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் விறைப்பூசி போட்டு, இழுத்து நேராக்கி, முழங்கைக்குக் கீழே பிளாஸ்டர் போட்டிருந்தார்கள். ஒரு கிழமை கழித்து மறுபடி எக்ஸ்றே எடுத்து, எலும்பு விலகவில்லை என்று பார்த்திருக்கிறார்கள். வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. ஒன்றுதான் விடுபட்டது: பிளாஸ்டருக்கு வெளியே நிற்கிற விரல்களை நாள்முழுக்க மடக்கி நீட்ட வேண்டும், தோளை உயர்த்த வேண்டும் என்பது ரீச்சருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லையோ, சொன்னது சனநெரிசலில் காதில் விழவில்லையோ, தெரியாது. ஒரு பழைய நூல்சீலையைக் கிழித்துக் கழுத்தில் கட்டி, கையை வயிற்றோடு ஒட்டவைத்து, ஆறு கிழமையும் கோழிக்குஞ்சைப் பொத்தி வைத்திருப்பதுபோல் பொத்தி வைத்திருந்தார். அந்தக் கழுத்துக்கட்டு இந்தக் கதையில் திரும்ப வரும்.

பிளாஸ்டருக்குள் இருந்து வந்த கை

பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர் பிளாஸ்டர் கழன்றது. மூன்றாம் நாள் என்னிடம் வந்தபோது கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தார். நோவால் இல்லை, வெட்கத்தால். தோல் செதில் செதிலாக உரிந்து, கருத்து, ஒரு புளித்த மணத்தோடு இருந்தது. முன்கை மெலிந்திருந்தது, விரல்கள் வீங்கியிருந்தன. ஆறு கிழமை கழுவாமல், உதிர வழியில்லாமல் கிடந்த இறந்த தோல்தான் அது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லத் துடைத்து, கொஞ்சம் நல்லெண்ணெய் பூசினால் சில நாளில் போய்விடும். பீர்க்கம் கூடு போட்டு உரஞ்சக் கூடாது, அடியில் இருக்கிற புதுத்தோல் மெல்லியது. இதைச் சொன்ன பிறகுதான் தலைப்பை எடுத்தார்.

அளவெடுக்க முன்னர் மூன்று விடயங்களைப் பார்ப்பேன். முதலாவது நடுநரம்பு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் விறைப்போ ஊசி குத்துகிற மாதிரியோ இருந்தால், வீக்கம் மணிக்கட்டுக் குகைக்குள் நரம்பை நெருக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது பெருவிரலை உயர்த்துகிற தசைநாண். உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, பெருவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்வேன். எலும்பு விலகாத சாதாரண முறிவில்கூட இந்த நாண் சில கிழமை கழித்துச் சத்தமில்லாமல் அறுந்துபோவதுண்டு. நோகாது, விரல் மட்டும் எழும்பாது. அப்படி நடந்தால் அது அறுவைமருத்துவரின் வேலை, எவ்வளவு பயிற்சி செய்தாலும் அறுந்த நாண் ஒட்டாது. மூன்றாவது, சி.ஆர்.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வலி நோய். முறிவுக்குப் பொருந்தாத அளவு எரிவு, துணி பட்டாலே நோ, தோல் மினுங்குதல், ஒரு கை மட்டும் வேர்த்தல், நிறமும் சூடும் மாறுதல். சீக்கிரம் பிடித்தால் கைகொடுக்கலாம், விட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

ரீச்சருக்கு முதல் இரண்டும் இல்லை. மூன்றாவதில் வீக்கம் மட்டும் இருந்தது. கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்று குறித்துவைத்தேன்.

இனி எண்கள். மணிக்கட்டு மேல்நோக்கி வளைவது 15 பாகை, கீழ்நோக்கி 20. கையை மூடினால் விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் இரண்டரை சென்ரிமீற்றர் இடைவெளி. பெருவிரல் மோதிரவிரல் நுனிவரை போனது, சின்னவிரலை எட்டவில்லை. தோள் 130 பாகையோடு நின்றுவிட்டது. பிடிபலம் அளக்கும் கருவி என்னிடம் இல்லை. பிரஷர் பார்க்கிற கருவியின் பட்டியைச் சுருட்டி, 20க்குக் காற்றடித்து, பிழியச் சொல்வேன். எளிய வழி, ஆனால் அதே ஆளை அதே பட்டியில் அடுத்தடுத்து அளக்கப் போதும். வலக்கை 45 வரை தள்ளியது, இடக்கை 160.

பாடப்புத்தகத்தில் மணிக்கட்டு மேல்நோக்கி 70 பாகையளவு வளையும் என்று இருக்கும். ரீச்சரின் இலக்கை அதிலிருந்து எடுக்கக் கூடாது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடச் சொன்னேன். வலக்கை வராது என்று தெரியும், நான் பார்த்தது இடக்கையை. அதன் விரல்களே முழுதாக நிமிரவில்லை, மணிக்கட்டு 60 பாகைக்கு மேல் போகவில்லை. நெடுநாள் சலரோகக்காரர்களின் மூட்டுகளில் வருகிற இறுக்கம் இது. கும்பிட்டால் உள்ளங்கைகளுக்கு நடுவே பொந்து தெரியும். ஆக முறியாத கையே 60தான் என்றால், முறிந்த கைக்கு இலக்கு 60க்குள்தான்.

உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதை மல்லாத்தல் என்றும், கீழ்நோக்கித் திருப்புவதைக் கவிழ்த்தல் என்றும் சொல்லிக்கொள்வோம். கவிழ்த்தல் 65. மல்லாத்தல் 55 என்று எழுதினேன். இடக்கையில் இரண்டும் 80. “திரும்பல் பரவாயில்லை” என்று அதற்குப் பக்கத்தில் நானே எழுதிய குறிப்பு இன்னும் கோப்பில் இருக்கிறது.

முதல் இரண்டு கிழமை

மணிக்கட்டைத் தொடமுன்னர் விரல்கள். கொக்கி மாதிரி மடக்கு, முழுதாகப் பொத்து, நிமிர்த்து. ஒவ்வொரு மணிக்கும் பத்துத் தரம். இரவில் கையைத் தலையணையில் நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்தல். கழுத்துக்கட்டை அன்றைக்கே அவிழ்த்து எடுத்துவிட்டேன். தோளுக்குச் சுவரில் விரலால் ஏறுதல். சூட்டுத் தண்ணீரில் கையை வைத்தபடியே மணிக்கட்டை மேலும் கீழும். அப்புறம் கும்பிடுதல். இரண்டு உள்ளங்கையையும் நாடிக்குக் கீழே சேர்த்து, சேர்த்தபடியே கைகளை மெல்ல இடுப்பை நோக்கி இறக்க வேண்டும். மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்க உலகம் முழுவதும் பிசியோக்கள் கொடுக்கிற பயிற்சி இதுதான். எங்கள் ஆட்களுக்குப் பழக்க வேண்டியதில்லை. “தேவாரம் ஒண்டு முடியுமட்டும் வைச்சிருங்கோ” என்றால் நேரக்கணக்கும் சரியாகிவிடும்.

எவ்வளவு நோகலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் சொல்வது: செய்யும்போது இழுபடும், கொஞ்சம் நோகும். அரை மணித்தியாலத்தில் அடங்க வேண்டும். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் முதல்நாள் செய்தது கூடிப்போய்விட்டது.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு முறிவுக்குப் பிறகான பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, எந்த முறை மற்றதைவிடச் சிறந்தது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தது. சிக்கலில்லாத முறிவுக்கு, ஒருநாள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யவிட்டாலே பலருக்குப் போதும். கிழமைக்கு மூன்று நாள் ஓட்டோ பிடித்து வரவைத்து, கரண்ட் பிடித்துக் காசு வாங்குகிற இடங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் விரல் மூடாமல், தோள் இறுகி, சலரோகத்தோடு வருகிற ஒருவரை “வீட்டில் செய்யுங்கோ” என்று அனுப்பிவிட முடியாது.

விழுந்து எட்டாம் கிழமை வந்தபோது விரல்கள் முழுதாக மூடின. மேல்நோக்கி 30, கீழ்நோக்கி 30. நல்ல முன்னேற்றம். நானும் ரீச்சரும் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

தைப்பூசம்

தைப்பூசத்துக்கு மறுநாள் வந்தவர் வழமைபோல் பேசவில்லை. கேட்டதற்கு, “ஐயர் திருநீறு தந்தவர் தம்பி. வாங்கினனான், அப்பிடியே சின்னவிரல் பக்கத்தால சிந்திப் போச்சு. இடக்கையைக் கீழ குடுத்துப் பிடிச்சும் நிக்கேல்லை. எல்லாரும் பாத்தினம்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. 55 பாகை மல்லாத்துகிற கையில் திருநீறு நிற்க வேண்டும், கொஞ்சம் சரிவாக என்றாலும். எப்படி வாங்கினீர்கள் என்று காட்டச் சொன்னேன். எழுந்து நின்று கையை நீட்டினார். முழங்கை உடம்பைவிட்டு முன்னே போனது, உள்ளங்கை பாதி திரும்பிச் சுவர் மாதிரி சரிந்து நின்றது. “அண்டைக்கு இஞ்சை காட்டினது மாதிரி காட்டுங்கோ” என்றேன். கதிரையில் இருந்தார். முழங்கையை வயிற்றுக்குக் குறுக்கே இழுத்து, உடம்பை வலப்பக்கம் சரித்து, உள்ளங்கையை வானம் பார்க்க வைத்தார். அச்சொட்டாக 55 பாகை. அதில் பாதிக்கு மேல் தோளும் இடுப்பும் செய்த வேலை.

அவர் ஏமாற்றவில்லை. கையைத் திருப்பு என்றால் உடம்பு எந்த வழியாலாவது திருப்பிக் காட்டும். அளக்கிறவன்தான் வழியை அடைக்க வேண்டும். ஒரு துவாயை மடித்து அவருடைய முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்து, அது விழாமல் அமத்தச் சொன்னேன். கைக்குள் ஒரு பென்சிலைப் பொத்திப் பிடிக்கவைத்து, அது நேராக நிற்கிற நிலையிலிருந்து எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தேன். 20 பாகை. மாணவனாக இருக்கும்போதே படித்த முறைதான் இது. முதல் நாள் வீக்கத்தையும் விரலையும் பார்த்த அவசரத்தில் துவாய் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். சோறு எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? இடக்கையில் கரண்டி. முகம் கழுவுவது? ஒரு கையால் அள்ளி. கடைக்காரர் மிச்சக் காசு தந்தால்? மேசையில் வைக்கச் சொல்வாராம். எல்லாமே உள்ளங்கை மல்லாந்து நிற்க வேண்டிய வேலைகள். நான் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நான் கேட்டது வேறு கேள்விகளை. மணிக்கட்டு நோயாளர்களுக்கென்று கனடாவில் உருவாகி 1998இல் வெளிவந்த ஒரு வினாத்தாள் இருக்கிறது: 15 கேள்வி, 100 புள்ளி. நல்ல வினாத்தாள், உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கதவுக் குமிழைத் திருப்ப முடிகிறதா, கத்தியால் இறைச்சி வெட்ட முடிகிறதா, கழிப்பறையில் தாள் பயன்படுத்த முடிகிறதா என்று கேட்கும். இறைச்சியே தொடாத, வீட்டில் கொண்டி போட்ட கதவு வைத்திருக்கிற, தண்ணீரால் கழுவுகிற ஒரு ரீச்சரிடம் இதைக் கேட்டு நான் புள்ளி போட்டிருக்கிறேன். இப்போது அதோடு கூட ஏழெட்டுக் கேள்வி என்னுடையது: சோறு குழைத்து வாய்க்குக் கொண்டுபோவது, தேங்காய்ப்பால் பிழிவது, இடியப்ப உரலை அமத்துவது, சேலைக் கொய்யகம் பிடிப்பது, துவாய் முறுக்கிப் பிழிவது, நிலத்தில் கை ஊன்றி எழும்புவது, திருநீறு வாங்குவது.

எது இறுகியது

முன்கையில் இரண்டு எலும்பு. அரந்தி அசையாமல் நிற்க, ஆரை அதைச் சுற்றி உருளும்போதுதான் உள்ளங்கை மல்லாந்து கவிழ்கிறது. அந்த உருளலுக்கு முழங்கையில் ஒரு மூட்டு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்ன மூட்டு; ரீச்சருக்கு முறிந்தது இந்தச் சின்ன மூட்டின் வாசலில்தான். முழங்கைக்குக் கீழே போடுகிற பிளாஸ்டர் திரும்பலை முழுதாகப் பூட்டாது. பூட்டியது கழுத்துக்கட்டு. வயிற்றோடு ஒட்டிய கையின் உள்ளங்கை வயிற்றைப் பார்த்தே நிற்கும். ஆறு கிழமையில் ஒரு தரம்கூட அது வானத்தைப் பார்த்திருக்காது. மூட்டின் முன்பக்க உறை அந்த நிலையிலேயே சுருங்கிவிட்டது. கவிழ்க்கிற வேலையை வீட்டில் ஆயிரம் இடத்தில் செய்கிறோம், அது தானாகவே திரும்பி வந்தது. மல்லாத்த வேண்டிய எல்லாவற்றையும் ரீச்சர் இடக்கைக்கு மாற்றிவிட்டார்.

இன்னொரு சாத்தியமும் இருந்தது: எலும்பு கோணலாகப் பொருந்தி, அதுவே தடுக்கலாம். அப்படியென்றால் என் பயிற்சி எல்லாம் வீண். மற்றக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டு போகும்போது, கடைசியில் என்ன உணர்கிறது என்று பார்த்தேன். கல்லில் முட்டின மாதிரி நிற்கவில்லை, தோல்வார் இழுபடுகிற மாதிரி இருந்தது. எக்ஸ்றேயோடு எலும்பு முறிவு நிபுணரிடம் அனுப்பினேன். சாதாரணமாக ஆரையின் மூட்டுமுகம் உள்ளங்கைப் பக்கம் ஏறக்குறைய 11 பாகை சரிந்திருக்கும். ரீச்சருக்கு அது புறங்கைப் பக்கம் 5 பாகை சரிந்து, எலும்பு 2 மில்லிமீற்றர் குட்டையாகப் பொருந்தியிருந்தது. இந்த வயதில் இதற்குக் கத்தி வைக்கத் தேவையில்லை, பயிற்சியைத் தொடருங்கள் என்று எழுதி அனுப்பினார். படம் கோணலாக இருந்தும் கை நன்றாக வேலை செய்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இடையில் ஒரு பத்து நாள்

நல்ல திட்டம் போட்டு வைத்தேன். அதற்குள் தங்கையின் கணவர் அக்கறையில், ரீச்சரைக் கூட்டிக்கொண்டுபோய் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவி எடுத்திருக்கிறார். “இறுகினதை முறிச்சு விட்டாத்தான் விடும்” என்று அந்த உருவுகிறவர் கையைப் பிடித்து ஒரே முறுக்கு. அன்றிரவு ரீச்சர் நித்திரை கொள்ளவில்லை. மறுநாள் விரல்கள் திரும்ப மூடவில்லை, புறங்கை சிவந்து சூடாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் முறிவு நெரிவு வைத்தியத்துக்கு நெடிய மரபு இருக்கிறது, பரியாரியாரின் கைப்பக்குவத்தால் நல்லாகியவர்களையும் எனக்குத் தெரியும். எண்ணெயோடும் எனக்குச் சண்டை இல்லை. ஒன்பது கிழமை வயதான ஒரு முறிவை, 63 வயது எலும்பில், கையின் நுனியைப் பிடித்து முறுக்குவதோடுதான் சண்டை. அதைச் செய்தவர் மரபு தெரிந்தவரா என்பதும் எனக்குச் சந்தேகம்.

சிவந்த, சூடான கையைக் கண்டதும் சி.ஆர்.பி.எஸ். தொடங்கிவிட்டதோ என்று பயந்துபோனேன். எக்ஸ்றே எடுத்துப் பார்த்ததில் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இழுப்பது எல்லாவற்றையும் நிறுத்தி, உயர்த்தி வைத்தல், விரல் அசைத்தல், மெல்லிய துணியால் தோலைத் தடவிப் பழக்குதல் மட்டும். நாலைந்து நாளில் சூடு இறங்கியது, பத்தாம் நாள் பழைய இடத்துக்கு வந்தோம். தங்கையின் கணவரை நான் திட்டவில்லை. அவரையே கூப்பிட்டு, திருப்புவதற்கு உதவி செய்யப் பழக்கினேன். பிடிக்க வேண்டிய இடம் மணிக்கட்டுக்கு மேலே, எலும்பில். உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினால் பாரம் எல்லாம் மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் விழும். அதற்குப் பிறகு அவரளவுக்கு ஒழுங்காகச் செய்தவர் வேறு யாருமில்லை.

அகப்பை

இறுகிய உறையை நீட்ட, பலமான இழுப்பைவிட மெல்லிய பாரத்தை நீண்ட நேரம் வைத்திருப்பது நல்லது. இதற்கென்றே வெளிநாட்டில் கை கவசங்கள் இருக்கின்றன. எங்களிடம் இருந்தது ஒரு நீட்டுக் காம்பு அகப்பை. முழங்கையை விலாவோடு ஒட்டி, துவாயை அமத்திக்கொண்டு, அகப்பையை நட்டுக்குத்தாகப் பிடித்து, அது வெளிப்பக்கமாகச் சரிய விட வேண்டும். அகப்பையின் பாரமே கையை மல்லாத்தும். காம்பின் அடியில் பிடித்தால் பாரம் கூட, நடுவில் பிடித்தால் குறைவு; இதைவிட எளிதாகப் பாரத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி என்னிடம் இல்லை. முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பத்து. சூட்டுத் தண்ணீரில் கையை வைத்து எடுத்த கையோடு, ஒரு நாளைக்கு மூன்று தரம்.

நீட்டி எடுத்ததை உடனே பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் திரும்பச் சுருங்கிவிடும். அதனால் கரண்டிக்குத் தடை. முதலில் வெறும் கோப்பையில் கை வைத்து வாய்க்குக் கொண்டுபோகப் பழகி, பிறகு புட்டு, பிறகு சோறு. புட்டு உதிரும், அதனால் தலையைக் கோப்பைக்குக் குனிய வேண்டிவந்தது; குனிகிற அளவு கிழமைக்குக் கிழமை குறைந்தது. மாசி மாதம் பனங்கிழங்கு நேரம். அவித்த கிழங்கை உரித்து, நடுவே கிழித்து, தும்பு இழுப்பது பெருவிரலுக்கும் நுனிப்பிடிக்கும் நான் கொடுத்திருக்கக்கூடிய எந்தப் பயிற்சியையும்விட நன்றாக வேலை செய்தது. ரீச்சர் கட்டுக் கட்டாக உரித்து எனக்கும் கொண்டுவந்தார்.

பாரம் தூக்குவதை மட்டும் 12ஆம் கிழமை வரை தள்ளிவைத்தேன். தண்ணீர் வாளி, இடியப்ப உரல், அரைக்கிலோவுக்கு மேல் எதுவும் வேண்டாம் என்றேன். இடியப்ப உரலை 11ஆம் கிழமையே எடுத்துவிட்டதாகப் பிறகு ஒத்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை.

விழுந்ததுக்கு வைத்தியம்

ஐம்பது தாண்டிய பெண் நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தால், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு முறிவு வந்தவர்களுக்குப் பிறகு இடுப்பு, முள்ளந்தண்டு முறிகிற வாய்ப்பும் கூடுகிறது. ரீச்சரிடம் யாரும் இதைப் பேசியிருக்கவில்லை. வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பரிசோதித்து, எலும்புக்கான மருந்தும் விற்றமின் டியும் தொடங்கினார். குரக்கன், எள்ளு, தயிர், முருங்கையிலை பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அதை அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார். இரவில் எழும்பும்போது தலை சுற்றுவதாகச் சொன்னதால் பிரஷர்க் குளிசையின் அளவையும் பார்க்கச் சொன்னேன். கண்ணில் புரை தொடங்கியிருந்தது தெரியவந்தது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் மூன்று செக்கன்கூட நிற்கவில்லை. குசினி மேடையைப் பிடித்தபடி தினமும் பழகி, 14ஆம் கிழமை எட்டு செக்கன் நின்றார்.

கிணற்றடிப் பாசியைத் தங்கையின் மகன் சுண்ணாம்பு போட்டு உரஞ்சிக் கழுவினான். அந்தச் செருப்பு மட்டும் இன்னும் குசினி வாசலில் கிடந்தது. ஒரு நாள் வீட்டுக்குப் போனபோது நானே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

அளவுகள், மறுபடி

14ஆம் கிழமை: மேல்நோக்கி 50, கீழ்நோக்கி 45, மல்லாத்தல் 60, துவாய் வைத்து. பிடி 95. சோறு வலக்கையால். சிவராத்திரிக்குத் திருநீறு சிந்தவில்லை என்று கோயிலிலிருந்தே ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருந்தார்.

26ஆம் கிழமை: மேல்நோக்கி 55, கீழ்நோக்கி 55, மல்லாத்தல் 70, பிடி 130. சின்னவிரல் பக்க மணிக்கட்டில், துணி முறுக்கும்போது ஒரு உளைவு இன்னும் இருந்தது. இப்படியான முறிவில் அது மாதக்கணக்கில் நிற்பதுண்டு, பிடிபலமும் ஒரு வருடம் வரை மெல்ல மெல்லக் கூடும். சைக்கிள் ஓடுகிறார், ஆனால் வலக்கை பிறேக்கை நம்பவில்லை. அதற்காக மெதுவாக ஓடுகிறார். அதை நான் மாற்றச் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்குப் பிறகு எல்லா மணிக்கட்டுக்காரருக்கும் நான் கடைசியில் வைக்கிற சோதனை ஒன்று உண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி, உள்ளங்கையைக் குழித்து ஏந்தச் சொல்லி, செம்பிலிருந்து தண்ணீர் வார்த்து, பத்து வரை எண்ணுவேன். ரீச்சருக்கும் வைத்தேன். ஏழு எண்ணுவதற்குள் சின்னவிரல் ஓரத்தால் சொட்டத் தொடங்கியது. எனக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். அவர் செம்பை வாங்கித் தன் இடக்கையில் வார்த்து, வகுப்பில் எண்ணுவதுபோல் சத்தமாக எண்ணினார். ஆறிலேயே ஒழுகியது.

“பாத்தீங்களே தம்பி,” என்றார், “இது முறியாத கை.”